அந்தக் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்புகிறீர்களா?

நெல்லியடிப் பெண் | செவ்வாய், இரவு 9.40

நேற்று அம்மாவை எங்கள் ஜி.பி. நிலையத்துக்கு, அதாவது குடும்ப டாக்டரிடம், கூட்டிப்போனேன். காலில் ஆறாத புண், ஆறு வாரமாகக் கட்டு மாற்றுகிறார்கள். பார்த்து முடித்து அம்மா இன்னும் காலுறையைக்கூட மாட்டவில்லை, என் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அதே நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி. எங்கள் சேவை ஒட்டுமொத்தமாக எப்படி இருந்தது? மிக நன்று என்றால் 1, மிக மோசம் என்றால் 5, தெரியாது என்றால் 6.

எந்தச் சேவையைக் கேட்கிறார்கள்? டாக்டர் தங்கமான பிள்ளை. குனிந்து, அம்மாவின் காலைத் தன் முழங்காலில் ஏந்தி வைத்துப் பார்த்தது. அதற்கு 1. அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேருவதற்கு நான் காலை எட்டு மணிக்கு அழைத்து, வரிசையில் 31ஆவது ஆளாக நின்றேன். அதற்கு 5. மேசையில் இருந்தவர் "மொழிபெயர்க்க வீட்டிலிருந்து எப்போதும் நீங்கள்தானே வருவீர்கள்?" என்று கேட்டார். அதற்கு எந்த எண்?

6ஐ அழுத்தினேன். இந்த எண்களெல்லாம் எங்கே போகின்றன? யாராவது பார்க்கிறார்களா?

ஈஸ்ட்ஹாம் கதிர் | செவ்வாய், இரவு 10.05

கோப்புக்குப் போகின்றன, அக்கா. மருத்துவ நிலையங்களின் தரத்தைச் சோதிக்கும் சி.கியூ.சி. அமைப்பின் ஆய்வாளர்கள் வரும்போது மேசையில் எடுத்துப் போடுவதற்கான கோப்பு.

இந்தக் கேள்வியின் பூர்வீகத்தைப் பாருங்கள். 2014 டிசம்பரில் இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்களுக்கு இது வந்தபோது, "நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் எங்களைப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்டார்கள். உணவகமா இது? நமக்கு எந்த ஜி.பி. என்பதைப் பெரும்பாலும் வீட்டு விலாசமே முடிவு செய்துவிடுகிறது. அந்தக் கேள்வி சரியில்லை என்று அவர்களுக்கே தெரிந்து 2020 ஏப்ரலில் மாற்றினார்கள். பெயர் மட்டும் இன்றுவரை "நண்பர்கள், குடும்பத்தார் சோதனை" என்றே ஓடுகிறது. ஒரு நிலையத்தை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரச மருத்துவச் சேவையை நடத்தும் என்.எச்.எஸ். இங்கிலாந்தே சொல்கிறது. ஒப்பிடவும் கூடாது, காரணமும் தெரியாது என்றால் மாதாமாதம் எதற்கு இந்தக் கணக்கு?

ஓய்வுபெற்ற மாஸ்டர் | புதன், காலை 7.15

தம்பி கதிர், அந்தக் கோப்பை வாசிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஏழு வருடமாக எங்கள் நிலையத்தின் நோயாளர் பங்கேற்புக் குழுவில் இருக்கிறேன். பி.பி.ஜி. என்பார்கள். இப்படி ஒரு குழு 1972இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பெரின்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு டாக்டரின் முயற்சியால் தொடங்கியது. 2015 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு ஜி.பி. நிலையமும் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாலை ஆறரைக்கு நிலையம் மூடிய பிறகு, காத்திருக்கும் அறையில் கூடுவோம். மேலாளர், ஒரு டாக்டர், நாங்கள் எட்டுப் பேர், ஒரு தட்டு பிஸ்கட். அந்த எண்களால் பெரிய பயனில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறதே, "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று? அதில் ஆட்கள் எழுதுவதை மேலாளர் பெயர் நீக்கி அச்சடித்து வருவார். நாங்கள் வாசிப்பது அதைத்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "தொலைபேசி" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த குறைதானே என்று மேலாளர் தள்ளிவிடப் பார்த்தார். எங்களில் ஒரு அம்மையார் தன் தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அங்கேயே நிலையத்தின் எண்ணை அழைத்தார். பதிவுசெய்த குரல் பேசத் தொடங்கியது. காய்ச்சல் தடுப்பூசி, விடுமுறை நாட்கள், ஊழியர்களை மரியாதையாக நடத்துங்கள், இணையத்தளத்தைப் பாருங்கள். பேசிக்கொண்டே போனது. எட்டுப் பேரும் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். தடுப்பூசிக் காலம் முடிந்து மாதக்கணக்காகியும் அதை யாரும் நீக்கவில்லை. அந்த அறையில் இருந்த டாக்டர் தன் நிலையத்தின் எண்ணை அதுவரை வெளியிலிருந்து அழைத்துப் பார்த்ததே இல்லையாம்.

அடுத்த வாரமே அது மூன்று வாக்கியமானது. இரத்தப் பரிசோதனை முடிவு கேட்பவர்கள் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு அழைக்கட்டும் என்பதும் அந்தக் கூட்டத்தில் முடிவானதுதான்.

ஈஸ்ட்ஹாம் கதிர் | புதன், மதியம் 12.50

மாஸ்டர், பெட்டியில் எழுதுகிறவர்கள் யார்? இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவர்கள். உங்கள் எட்டுப் பேரில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை? கைக்குழந்தைக்காரர்கள் எத்தனை? நான் இரவு வண்டி ஓட்டுகிறவன், மாலை ஆறரை எனக்கு விடியற்காலை.

இன்னொன்று. தொலைபேசி நேரானது பிஸ்கட் கூட்டத்தால் என்று கணக்கெழுதாதீர்கள். 2023 மே மாதம் அரசு "எட்டு மணி நெரிசலை ஒழிப்போம்" என்று திட்டம் போட்டு, புதிய தொலைபேசி அமைப்புகளுக்கும் இணையக் கருவிகளுக்குமாக 240 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. பணம் வந்தது, வரிசை எண் சொல்லும் இயந்திரம் வந்தது.

ஓய்வுபெற்ற மாஸ்டர் | புதன், மாலை 4.30

இயந்திரம் பணத்தால் வந்தது, சரி. அதற்குள் கிடந்த பழைய தடுப்பூசி அறிவித்தலை நீக்கச் சொல்ல எந்த அமைச்சர் வந்தார்?

எட்டுப் பேரில் ஆறு பேர் 65ஐத் தாண்டியவர்கள். அது குறைதான், மறுக்கவில்லை.

முன்மேசை | புதன், இரவு 8.20

நான் ஒரு ஜி.பி. நிலையத்தின் வரவேற்பில் வேலை செய்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

நெல்லியடி அக்கா, அந்தக் குறுஞ்செய்தியை மனிதர் யாரும் அனுப்புவதில்லை. டாக்டர் கணினியில் சந்திப்பை முடித்ததும் தானாகவே போகிறது. யாருக்கு என்றால், பதிவில் இருக்கும் கைபேசி எண்ணுக்கு. நம் முதியவர்களின் பதிவைத் திறந்து பாருங்கள், எண் மகனுடையதாக இருக்கும். மகன் மில்டன் கீன்ஸில் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். அம்மா இன்று டாக்டரிடம் போனதே அவருக்குத் தெரியாது. தொல்லை விட்டால் போதும் என்று 1ஐ அழுத்திவிடுவார். "மிக நன்று" என்று மாத முடிவில் நாங்கள் கூட்டி அனுப்பும் எண்ணுக்குள் அந்த மகன்மாரும் இருக்கிறார்கள்.

ஆனால் கதிர் அண்ணா, நாங்கள் எதையும் காதில் வாங்குவதில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கூகுளில் என் பெயரைப் போட்டு "கல் நெஞ்சுக்காரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்று நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. பதில் எழுத முடியாது. அவர் எங்கள் நோயாளி என்று பொதுவெளியில் ஒப்புக்கொண்டாலே இரகசியத்தை மீறியதாகிவிடும். "வருந்துகிறோம், மேலாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற ஒரே வரியைத்தான் எல்லோருக்கும் ஒட்டுகிறோம். வாசிப்பவர்களுக்கு அது திமிராகத் தெரிகிறது.

எட்டு மணிக்கு மேசையில் நாங்கள் மூவர். திரையில் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை சிவப்பில் ஏறும். டாக்டர்களின் இடங்கள் பச்சையில் குறையும். நான் "இல்லை" என்று சொல்வது அந்தப் பச்சை தீர்ந்த பிறகுதான்.

கோவைக்காரன் | புதன், இரவு 9.10

வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, தவறிருந்தால் திருத்துங்கள். (முதல் தடவை "சர்ஜரிக்குப் போகிறேன்" என்று ஊருக்குச் சொன்னதும் அம்மா கத்தி வைக்கப் போகிறார்கள் என்று பதறிவிட்டார். இங்கே டாக்டர் இருக்கும் இடத்துக்கே அந்தப் பெயர் என்று விளக்குவதற்குள் அக்காவும் அழைத்துவிட்டார்.)

எங்கள் ஊரில் கருத்துக்கேட்பு எதுவும் கிடையாது. டாக்டர் சரியில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். கூட்டம் குறைந்தால் அவருக்கே புரியும். இங்கேயும் பதிவிலிருக்கும் தலைகளைக் கணக்கிட்டுத்தானே பெரும்பகுதிப் பணம் வருகிறது? நாமும் மாறினால் என்ன?

முன்மேசை | புதன், இரவு 9.25

மாறலாம். உங்கள் வீடு அவர்களின் எல்லைக்குள் இருந்து, அவர்கள் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் போதும். விலாசச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக்கூடாது.

நெல்லியடிப் பெண் | புதன், இரவு 10.40

தம்பி, மாறலாம்தான். ஆனால் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்த அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது? வாசலில் கோபம் என்பதற்காக வீட்டை விற்க முடியுமா?

ஓய்வுபெற்ற மாஸ்டர் | வியாழன், காலை 6.50

தங்கச்சி சொன்னதைத்தான் தேசிய அளவிலான ஜி.பி. நோயாளர் கணக்கெடுப்பும் காட்டுகிறது. குறுஞ்செய்தி வேறு, இது வேறு. 16 வயதுக்கு மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, இப்சோஸ் நிறுவனம் வருடாவருடம் நடத்துவது. 2024இல் 25 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு அனுப்பினார்கள், ஏறத்தாழ 7 இலட்சம் பேர் பதில் சொன்னார்கள். 74 வீதத்தினர் தங்கள் நிலையம் மொத்தத்தில் நல்லது என்றார்கள். தொலைபேசியில் பிடிப்பது எளிது என்றவர்கள் பாதிப் பேர்தான். பார்த்த டாக்டரிடமோ தாதியிடமோ நம்பிக்கை இருந்ததா என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்றார்கள். உள்ளே நன்று, வாசலில் நெரிசல். கேள்வியைப் பிரித்துக் கேட்டதால்தான் இது தெரிகிறது.

ஈஸ்ட்ஹாம் கதிர் | வியாழன், காலை 9.30

7 இலட்சத்தை 6,000 சொச்சம் நிலையங்களுக்குப் பிரித்துப் பாருங்கள், மாஸ்டர். ஒரு நிலையத்துக்கு 100 பேரைச் சற்றுத் தாண்டும். பத்தாயிரம் பேர் பதிந்திருக்கும் இடத்தில் அந்த நூறு பேருக்குள் அக்காவின் அம்மா இருப்பாரா? மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறவர் படிவத்தை நிரப்பவில்லை, ஆகவே மொழிபெயர்ப்பாளர் தேவை என்று படிவத்தில் எவரும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி அதே இடம்.

நெல்லியடிப் பெண் | வியாழன், மதியம் 1.15

அதுதான் என்னை உறுத்துகிறது. என் முன்னால் அம்மா சில விஷயங்களைச் சொல்ல மாட்டார். சிறுநீர் அடக்க முடியாத பிரச்சினையை எனக்குச் சொன்னதே கால் புண்ணுக்கு மருந்து கட்டும்போது தற்செயலாகத்தான். முறைப்பாடு எழுதலாம் என்றால், "வேண்டாம், பெயரை வெட்டிவிடுவார்கள்" என்கிறார். அந்தப் பயம் வீண் பயமா?

முன்மேசை | வியாழன், மாலை 6.55

வீண் பயம், அக்கா. முறைப்பாடு செய்தார் என்பதற்காக மட்டும் ஒரு நோயாளியுடனான உறவை டாக்டர் முறிக்கக்கூடாது என்பது டாக்டர்களை ஒழுங்குபடுத்தும் மருத்துவப் பேரவையின் வழிகாட்டல். முறைப்பாட்டுக் கடிதத்தை மருத்துவப் பதிவுக்குள் வைப்பதும் இல்லை, அதற்குத் தனிக் கோப்பு. கிடைத்தது என்று மூன்று வேலை நாளுக்குள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நடந்து 12 மாதத்துக்குள் எழுதினால் போதும். நிலையத்துக்கு எழுத விருப்பமில்லை என்றால் ஐ.சி.பி. எனப்படும் அந்த வட்டாரத்தின் என்.எச்.எஸ். வாரியத்துக்கு எழுதலாம். பதில் திருப்தியில்லை என்றால் அதற்குப் பிறகு ஒம்புட்ஸ்மன், முறைப்பாடுகளைச் சுதந்திரமாக விசாரிப்பவர். அம்மாவின் சார்பில் நீங்கள் எழுதுவதானால் அவரின் ஒப்புதல் கையெழுத்தைக் கேட்பார்கள்.

ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு முறைப்பாடு வேண்டாம், முதலில் கேளுங்கள். இலவசம். குடும்பத்தாரை அதற்குப் பயன்படுத்துவது நல்லதல்ல என்பது எங்களுக்கே தந்திருக்கும் வழிகாட்டல். அம்மாவின் பதிவில் "தமிழ், மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று குறிக்கச் சொல்லுங்கள், இரட்டை நேர அப்பொயின்ட்மென்ட் கேளுங்கள். அந்த மேசையில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் அவசரத்தில் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் கதிர் | வியாழன், இரவு 7.30

இதுவரை இங்கே எழுதியதில் உருப்படியானது இதுதான். இதை ஏன் உங்கள் சுவரில் தமிழில் ஒட்டவில்லை?

முன்மேசை | வியாழன், இரவு 7.41

கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற மாஸ்டர் | வெள்ளி, காலை 7.05

தங்கச்சி, அம்மாவிடமே கேளுங்கள். எண் வேண்டாம். அங்கே என்ன மாற வேண்டும் என்று தமிழில் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் எழுதி உங்கள் நிலைய மேலாளருக்கு அனுப்புங்கள். பி.பி.ஜி. கூட்டத்தில் வாசிக்கும்படி கேளுங்கள். வாசித்தார்களா என்று ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். இரண்டாவது கடிதத்துக்குத்தான் அசைவார்கள்.

நெல்லியடிப் பெண் | வெள்ளி, இரவு 8.50

கேட்டேன். தொலைபேசியைப் பற்றியோ மொழிபெயர்ப்பைப் பற்றியோ சொல்வார் என்று நினைத்தேன். "அந்தக் கதிரைக்குக் கை இல்லை, பிள்ளை. எழும்ப ஊன்ற ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிட்டால் நான் எழும்புவதற்குள் அந்தப் பெண் இரண்டாம் முறை கூப்பிடுகிறாள். வெட்கமாக இருக்கிறது" என்றார்.

ஒரு வருடமாகக் கூட்டிப்போகிறேன். எழும்பும்போது ஒவ்வொரு முறையும் என் தோளைப் பிடிப்பார். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதிரையையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்து எழுதி இன்று அனுப்பிவிட்டேன்.

ஈஸ்ட்ஹாம் கதிர் | வெள்ளி, இரவு 9.20

1 முதல் 6 வரை எந்த எண்ணில் இருக்கிறது, மாஸ்டர், கதிரையின் கை?

நெல்லியடிப் பெண் | ஏழு வாரம் கழித்து, திங்கள், மாலை 5.10

இன்று போயிருந்தோம். கை வைத்த கதிரைகள் இரண்டு வந்திருக்கின்றன, வாசலுக்குப் பக்கத்தில். அம்மா போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தார். சுவரில் "நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்" என்ற தாளில் முதல் வரியே கதிரைதான், படத்தோடு.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. மேசையில் கேட்டேன். பதிவில் குறித்திருக்கிறதாம், இன்றைக்கு யாரையும் ஏற்பாடு செய்யவில்லையாம். உள்ளே நான்தான் போனேன்.

ஓய்வுபெற்ற மாஸ்டர் | திங்கள், மாலை 5.45

இரண்டாவது கடிதத்தை எழுதுங்கள்.

ஈஸ்ட்ஹாம் கதிர் | திங்கள், மாலை 5.52

முறைப்பாடாக எழுதுங்கள், அக்கா. மூன்று வேலை நாள்.