மூணு வயசுப் பையனுக்குப் பிடரியில் நெறிகட்டி, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க
தோழிகளே, பையனுக்குத் தலை துவட்டும்போது பிடரிப் பக்கம் பட்டாணி அளவுல ரெண்டு நெறிகட்டி கையில தட்டுப்படுது. அமுக்கினா நகருது, வலிக்கலைங்கிறான். போன மாசம் சளி, காய்ச்சல். தலையில வேனல்கட்டியும் இருந்துச்சு. டாக்டர் பார்த்துட்டு, 1 செ.மீ.க்குள்ளதான் இருக்கு, தொற்று வந்துபோன அடையாளம், கரைய சில வாரம் ஆகும்னார். கெட்டியா நகராம இருந்தாலோ, 2 செ.மீ. தாண்டினாலோ, காறை எலும்புக்கு (கழுத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் குறுக்கே இருக்கிற எலும்பு) மேல வந்தாலோ, எடை குறைஞ்சாலோ உடனே வரச் சொன்னார். மாமியார் சுண்ணாம்புப் பத்து போடலாம்ங்கிறாங்க. பிஞ்சுத் தோல் வெந்துடும்னு நான் விடலை. சாப்பாடு, ஆட்டம் எதுவும் குறையலை, எனக்குத்தான் டிபி பயம். தூங்குற பிள்ளையையும் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கேன். உங்க பிள்ளைங்களுக்குக் கரைய எவ்வளவு நாளாச்சு? டிபி டெஸ்ட், ஸ்கேன் யாருக்காவது எழுதினாங்களா?