வீட்டுத் தமிழ் பற்றிய ஆய்வு: இணையத்தில் எந்த எண்ணை, எந்தக் கட்டுரையை நம்பலாம்?

பூகிஸ் வாசகி

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை, சுமார் 8,000 சொல். தலைப்பு: 2000க்குப் பிறகு சிங்கப்பூர் இந்தியர் வீடுகளில் தமிழ்ப் புழக்கம். மூன்று சிக்கல்கள்.

ஒன்று, எண்கள். வீட்டில் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு என்று ஓரிடத்தில் இருக்கிறது, இன்னோரிடத்தில் அதைவிடப் பல மடங்கு. இரண்டு, நல்ல கட்டுரை என்று தெரிந்தால் பணம் கேட்கிறது. மூன்று, தமிழ்நாட்டு இணைய ஆய்விதழ்களில் நிறையக் கிடைக்கிறது, ஆனால் எதை மேற்கோள் காட்டலாம் என்று புரியவில்லை. எங்கே தொடங்குவது?

தோ பாயோ கணக்கர்

முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம், வகுக்கும் தொகைதான் வேறு. 2.5 விழுக்காடு என்பது 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லா இனத்துச் சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவோர். இன்னொன்று இந்தியர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டதாக இருக்கும். உங்கள் தலைப்புக்கு அதுதான் தேவை.

போக வேண்டிய இடம் புள்ளிவிவரத் துறையின் சிங்ஸ்டாட் தளம். 2020 கணக்கெடுப்பின் முதல் தொகுதியில்தான் மொழி, கல்வி, சமயம் எல்லாம் வருகிறது. இரண்டாம் தொகுதி குடும்பம், வட்டாரம், போக்குவரத்து பற்றியது, அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிடிஎஃபிலிருந்து எண்களைக் கையால் தட்டாதீர்கள். எக்ஸெல் கோப்பாகவோ, அத்தளத்தின் அட்டவணைக் கருவியான டேபிள் பில்டர் வழியாகவோ இறக்குங்கள். இறக்கியதும் அடிக்குறிப்புகளை அழித்துவிடாதீர்கள். வரையறை மாறிய விவரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பலர் சறுக்கும் இடங்கள்:

‘சிங்கப்பூர்வாசிகள்’ என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். வேலை அனுமதியில் இருப்பவர்கள் இந்த எண்ணில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்களைப் பற்றி இதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது.

‘இந்தியர்’ என்றால் தமிழர் மட்டும் அல்ல. மலையாளி, பஞ்சாபி, சிந்தி, இலங்கை வம்சாவளியினர் எல்லாரும் அதற்குள் அடக்கம். இந்தியரில் தமிழ் பேசுவோர் குறைந்தால், தமிழர் மொழியை விட்டார்களா, இந்தியருக்குள் தமிழர் பங்கு மாறியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பில் இந்தியருக்குள் தமிழர், மலையாளி என்று பிரித்துக் காட்டும் உட்பிரிவு அட்டவணையும் உண்டு. 2011 ஜனவரியிலிருந்து இரட்டை இனப் பதிவு அனுமதிக்கப்பட்டது. புள்ளிவிவரத்தில் முதலில் வரும் இனம்தான் எண்ணப்படும்.

கேள்வியின் சொல்லமைப்பையும் பாருங்கள். ‘மிக அதிகமாகப் பேசும் மொழி’ என்று கேட்டால் ஆளுக்கு ஒரே பதில்தான் விழும். பாட்டியிடம் தமிழ், தம்பியிடம் ஆங்கிலம் பேசும் பிள்ளை ஆங்கிலக் கட்டத்துக்குள் போய்விடும். 2020 அறிக்கையில் ஆங்கிலத்தோடு தாய்மொழியும் வீட்டில் பேசுவோர் விவரம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ‘தமிழ் அழிகிறது’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் முதல் கேள்வியே அங்குதான் கேட்பார்.

இன்னொன்று: 2010இன் எண், 2020இன் 2.5 என்று இரண்டே புள்ளியை வைத்து நேர்கோடு போடாதீர்கள். நடுவில் 2015 பொதுக் குடும்ப ஆய்வில் 3.3 வந்தது. 2000 முதல் மொத்த மக்கள்தொகை பதிவேடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது, ஆனால் மொழி போன்றவை மாதிரிக் குடும்பங்களிடம் கேட்டவை. 2020இல் அது சுமார் 150,000 குடும்பம்.

பூகிஸ் வாசகி

கணக்கர் அண்ணா, மிக்க நன்றி. வருமானத்தோடு ஒப்பிடலாமா? பல நாடுகளில் மக்களின் விழுமியங்களைக் கேட்டறியும் உலக விழுமிய ஆய்வின் தரவு இலவசம் என்று ஒரு தோழி சொன்னார்.

தோ பாயோ கணக்கர்

சிங்கப்பூர் 2002, 2012, 2020 சுற்றுகளில் இருக்கிறது. ஒரு சிறு படிவம் நிரப்பினால் இறக்கலாம். 2020இல் நடந்த ஏழாவது சுற்றில் வீட்டு மொழிக் கேள்வியின் எண் 272. ‘தெரியாது’, ‘பதிலில்லை’ போன்றவை -1, -2 என எதிர்மறை எண்களாகப் பதிவாகியிருக்கும். அவற்றை விடுபட்ட மதிப்பு என்று குறிக்காமல் சராசரி எடுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு அது போதாது என்பேன். மாதிரி சுமார் 2,000 பேர். மக்கள்தொகையில் உள்ள 9 விழுக்காட்டு விகிதப்படி இந்தியர் 180 பேர்தான் தேறுவர். 180 பேரில் பிழை வரம்பு ஏறத்தாழ 7 புள்ளி மேலும் கீழும் போகும். அதை மேலும் வருமானவாரியாக வெட்டினால் ஒரு கட்டத்துக்கு முப்பது, நாற்பது பேர் மிஞ்சுவர். வருமானத்துக்குப் பதில் கல்வித் தகுதியை எடுங்கள், மொழியோடு சேர்த்த அட்டவணை கணக்கெடுப்பிலேயே கிடைக்கும். வருமானம்தான் வேண்டுமென்றால் மனிதவள அமைச்சின் இடைநிலை வருமானம் இரண்டு விதமாக வெளியாகிறது: முதலாளியின் மத்திய சேம நிதிப் பங்கு சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. 55 வயது வரை அந்தப் பங்கு 17 விழுக்காடு. ஒரு வருடத்துக்கு அதையும் மறு வருடத்துக்கு இதையும் எடுத்தால் இல்லாத வளர்ச்சி முளைக்கும்.

நூலக மேசை

இரண்டாம் சிக்கலுக்கு வருகிறேன்.

கூகுள் ஸ்காலரில் நீண்ட வாக்கியமாகத் தேட வேண்டாம். ‘மொழி மாற்றம்’ என்பதற்கான ஆங்கிலத் தொடரை (லாங்குவேஜ் ஷிஃப்ட்) இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, வெளியே சிங்கப்பூர், தமிழ் என்ற இரண்டு சொல். பொருத்தமான ஒரு பழைய கட்டுரை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டு, அதன் கீழே உள்ள ‘மேற்கோள் காட்டியவை’ இணைப்பைத் திறங்கள். சிங்கப்பூர்த் தமிழ் மொழிக் கொள்கை பற்றி ஹரால்டு ஷிஃப்மன் 2003இல் எழுதிய கட்டுரை அப்படி ஒரு நல்ல தொடக்கம். மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் தேடும் கட்டத்தைத் தட்டி ‘வீடு’, ‘பெற்றோர்’ என்று சுருக்கலாம். ஸ்காலரில் இருப்பதாலேயே ஒன்று தரமானது ஆகாது. மாணவர் ஒப்படைப்பும் மாநாட்டுத் தாளும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கும்.

பணம் கேட்டால் உடனே கட்டாதீர்கள். ‘எல்லாப் பதிப்புகளும்’ இணைப்பைத் திறந்து பாருங்கள், இலவசப் பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் நீட்சியை உலாவியில் போடுங்கள். இலவசப் பிரதி இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். உள்ளூர் ஆய்வாளர்கள் எழுதியவை தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்பேங்க், நன்யாங்கின் டிஆர்-என்டியு, எஸ்எம்யுவின் இன்க் களஞ்சியங்களில் பல சமயம் இருக்கும். ஆனால் அங்கே இருப்பது அச்சுக்கு முந்தைய ஆசிரியர் பிரதியாக இருக்கலாம். பக்க எண் இதழோடு பொருந்தாது. மேற்கோளில் எந்தப் பிரதி என்று குறிப்பிடுங்கள்.

எஸ்எஸ்ஆர்என், சோக்ஆர்கைவ் இரண்டும் முன்பதிப்புத் தளங்கள், சக ஆய்வாளர் மதிப்பீடு நடந்திருக்க வேண்டியதில்லை. கொள்கை ஆய்வுக் கழகத்தின் ஆய்வறிக்கைகளும் யூசோஃப் இஷாக் கழகத்தின் குறுங்கட்டுரைகளும் இலவசம், நம்பகமானவை. ஆனாலும் ‘மதிப்பீடு செய்த இதழ்க் கட்டுரை’ என்ற கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ஈசூன் திருத்துநர்

மூன்றாவது சிக்கல். ‘யூஜிசி (இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்றது’ என்று இதழின் முகப்பில் இருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் யூஜிசி-கேர் பட்டியல் 2019இல் வந்தது, 2025இல் கைவிடப்பட்டது. முத்திரை மட்டும் பல தளங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளில் வெளியிடுவோம் என்ற வாக்குறுதி, கேள்விப்படாத பெயரில் ஒரு ‘தாக்கக் குறியீடு’, பொறியியலும் சித்த மருத்துவமும் சங்க இலக்கியமும் ஒரே இதழில்: இவை மூன்றும் சேர்ந்திருந்தால் விலகிவிடுங்கள். எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் பெயர் இருக்கிறதா பாருங்கள். சந்தா இதழ்கள் அங்கே இருக்கமாட்டா, ஆகவே பெயர் இல்லாததே குற்றம் ஆகாது. நல்ல இதழின் பெயரைத் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. இதழுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை, அந்த எண்ணை வழங்கும் அமைப்பின் தளத்தில் போட்டுப் பெயரும் பதிப்பாளரும் பொருந்துகின்றனவா பாருங்கள்.

பழைய செய்திகளுக்குத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் உண்டு. தேடல் பெட்டியில் தமிழில் தட்டி ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். அன்றைய ணை, லை, றா எழுத்துருக்கள் வேறு, ஊர்ப்பெயர் எழுதிய விதமும் வேறு. முதலில் ஆங்கில நாளிதழில் தேதியைக் கண்டுபிடித்து, அந்த வாரத்துத் தமிழ் முரசைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சில இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். தேசிய நூலகம் இருக்கும் விக்டோரியா ஸ்திரீட்டுக்கு ஒரு நடை போக நேரலாம்.

நூலக மேசை

ஒன்று விட்டுப்போயிற்று. செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் நூற்பட்டியல் கேட்டு வாங்கினால், ஒவ்வொன்றின் டிஓஐயையும் (கட்டுரைக்குரிய நிரந்தர இணைய அடையாள எண்) டிஓஐ தளத்தில் ஒட்டிப் பாருங்கள். ‘காணவில்லை’ என்று வந்தால் பிழைத்தீர்கள். வேறொரு தலைப்பில் உள்ள உண்மைக் கட்டுரை திறந்துகொண்டால்தான் ஆபத்து, அவசரத்தில் கண்ணில் படாது. கட்டுரைகளை சோட்டேரோ என்ற மேற்கோள் மேலாண்மைச் செயலியில் சேமித்து வையுங்கள். பின்னால் ஏதாவது கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டால், ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை வைத்து அது எச்சரிக்கும். கணினியில் சும்மா கிடக்கும் பிடிஎஃப் எச்சரிக்காது.

பூகிஸ் வாசகி

நன்றி. உட்பிரிவு அட்டவணையையும் கல்வித் தகுதி அட்டவணையையும் இன்றிரவே இறக்குகிறேன். என் வரைவில் ஆறு இடத்தில் ‘தமிழர்’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாமே ‘இந்தியர்’ பற்றிய எண்கள்.