நோன்புக்கு ஷிப்டு மாறும், தீபாவளிக்கு லீவு கிடையாதா? (தெலுக் இந்தான், மலேசியா)

ஆற்றங்கரையான்: எங்கள் செம்பனை (பாமாயில்) ஆலையில் நோன்பு மாதம் என்று வங்காளதேசிகள் நாலு பேரை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பகல் சுமை முழுக்க நம் பையன்கள் தலையில். போன தீபாவளிக்கு நான் லீவு கேட்டபோது மட்டும் "ஆள் பத்தாது". கரிசனம் எல்லாம் அவர்களுக்குத்தானா?

லயத்துமகள்: நானும் அதே ஆலைதான், அண்ணே. மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நான். பழக்குலை அவிக்கும் கொப்பரை உங்களுக்குத் தெரியாததா? 140 டிகிரியை ஒட்டிய நீராவி. கதவைத் திறந்தாலே முகம் காந்தும். போன வருஷ நோன்பில் ஒரு பையனுக்கு உதடு வெடித்து ரத்தம். தண்ணீர் நீட்டினேன். "கக்காக், செக்கெஜாப்" (அக்கா, கொஞ்சம் பொறுங்கள்) என்று தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்தின் மேலேயே சரிந்தான். பழக்குலை ஏற்றும் கூண்டு வண்டி ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. வண்டியில் இருந்தது நம் பையன். அன்று இரவு அவனும் தூங்கவில்லை.

ஆற்றங்கரையான்: பாவம்தான் தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்தே நம் இடம் போனது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது என் அப்பா தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியேறினார். அந்த வேலைக்கு இன்று குறைந்த கூலிக்கு வெளியாள்.

பழைய_கிராணி: தம்பி, கோபம் நியாயம், ஆளைத்தான் மாற்றிப் பிடிக்கிறாய். நம் தாத்தாவைக் கங்காணி கூட்டி வந்ததும் மலிவான ஆள் என்றுதானே? மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் உண்டு. பிடித்தம் இல்லாமல் அது அவர்கள் கைக்குப் போகட்டும். உன்னைத் தள்ளிவிட்டு அவனை எடுக்க முதலாளிக்கு என்ன ஆசை இருக்கும்?

ஆற்றங்கரையான்: சரி ஐயா. தீபாவளிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

லயத்துமகள்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி பொது விடுமுறை 11 நாள். கட்டாயம் 5 மட்டும்; தீபாவளி அதில் இல்லை. மீதி முதலாளி தேர்ந்தெடுப்பது. அந்தத் தேர்வில் தீபாவளியைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். "அன்று பகல் ஷிப்டை நாங்கள் பார்க்கிறோம்" என்று அந்த நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவருக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு. நம் பையன்களில் இதுவரை மூன்றே பேர்.

ஆற்றங்கரையான்: நாளை ஷிப்டு மாறும்போது வந்து போடுகிறேன். பகல் கொப்பரைக்கு இன்னும் ரெண்டு ஆள் வேண்டும், தங்கச்சி. அதையும் மனுவில் எழுதுங்கள்.