ஈரானியர்களின் விளையாட்டு: நேரில் கண்டதை எழுதுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

ஈரானியர்களோடு மைதானத்திலோ பார்வையாளர் வரிசையிலோ தேநீர்க் கடையிலோ பழகியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் விளையாட்டை எப்படி வாழ்கிறார்கள் என்று நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நூற்பாலை இயந்திரங்களை நிறுவும் வேலைக்காக ஈரானின் யஸ்த் நகரில் தங்கியிருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், தோள்கள் இளைஞனுடையவை. தினமும் மாலையில் அவசரமாகக் கிளம்புவார். எங்கே போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

அமீர் சக்மாக் சதுக்கத்துக்கு அருகே, காற்றுக் கோபுரங்கள் உயர்ந்து நிற்கும் பழைய நீர்த்தேக்கக் கட்டடம். அதற்குள் ஒரு ஜூர்கானே இயங்குகிறது. ஈரானின் பழைய உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அதுதான் பெயர். மரபுப்படி அவற்றின் வாசலைத் தாழ்வாகத்தான் கட்டுவார்கள்; எப்பேர்ப்பட்ட பயில்வானும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே எண்கோண வடிவில் ஒரு குழி. இறங்குகிறவர் ஒவ்வொருவரும் தரையைத் தொட்டு முத்தமிடுகிறார். ஓர் உயர்ந்த மேடையில் முர்ஷித் என்கிற வழிகாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு பறை, தலைக்கு மேலே ஒரு மணி. அவர் பறையை அடித்துக்கொண்டு பாரசீகக் கவிஞர்களான ஃபிர்தௌசியின் வரிகளையும் ஹாஃபிஸின் கஸல்களையும் பாட, குழியில் இருப்பவர்கள் அந்தத் தாளத்துக்குத் தண்டால் எடுக்கிறார்கள்.

பிறகு மில் என்கிற பெரிய மரக்கட்டைகளைத் தோளைச் சுற்றிச் சுழற்றினார்கள். நம் ஊர்க் கர்லாக்கட்டையைப் பிடித்துப் பழகியவன் நான். ஒன்றைத் தூக்கிப் பார்க்கக் கொடுத்தார்கள். எடை அதிகம், ஆனால் கை அதை அடையாளம் கண்டுகொண்டது. அடுத்து ஒவ்வொருவராக நடுவில் வந்து கைகளை விரித்துக்கொண்டு பம்பரமாகச் சுழன்றார்கள். கடைசியில் கபாதே: இரும்பு வில், நாணுக்குப் பதிலாகச் சங்கிலி. அதைத் தலைக்கு மேலே உயர்த்தி இடமும் வலமும் ஆட்ட வேண்டும். நடுவில் நின்று எல்லோரையும் வழிநடத்துகிறவருக்கு மியான்தார் என்று பெயர். அவர் ஒவ்வொரு பயிற்சியையும் தொடங்கும் முன் மூத்தவர்களிடம் அனுமதி கேட்டார்.

இவற்றையெல்லாம் விட என் மனத்தில் நின்றது பயிற்சி முடிந்த பிறகு நடந்தது. ஒரு துணியை விரித்தார்கள். வியர்வை காயாத கைகளோடு ஒவ்வொருவரும் அதில் பணம் வைத்தார்கள். யாரோ கஷ்டத்தில் இருக்கிறார். யார் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கொல்ரிஸான் என்கிற இந்தச் சடங்கு எல்லா ஊர் ஜூர்கானேக்களிலும் உண்டு என்றார் ஃபிட்டர். யுனெஸ்கோ 2010இல் ஜூர்கானே சடங்குகளை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. உடல் வலிமையையும் அடுத்தவர் துயரத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதற்காகவே அந்தப் பெருமை அதற்குத் தகும் என்பது என் எண்ணம்.

மதுரையிலிருந்து

அந்தத் துணியைப் பற்றி எழுதினீர்கள், தம்பி. தெருவிலேயே அதை விரித்த ஒருவரைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

தெஹ்ரானில் இந்தியக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய காலம் அது. டாக்சிகளிலும் கசாப்புக் கடைகளிலும் ஒரே மனிதரின் கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கும். குலாம்ரெஸா தக்தி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம்; 1952இலும் 1960இலும் வெள்ளி. ஆனால் அந்தப் பதக்கங்களைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் குறைவு. சோவியத் வீரர் மெத்வெத்தின் முழங்காலில் காயம் என்று தெரிந்ததும் அந்தக் காலைத் தொடாமலேயே மோதினார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு அடுத்தபடி 1962. புயின் ஸஹ்ரா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டு 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தக்தி தெஹ்ரான் வீதிகளில் இறங்கி நடந்தார். மக்கள் கையில் இருந்த பணத்தையும் மேலே போட்டிருந்த கோட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

1968 ஜனவரியில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. அன்றைய மன்னர் ஷாவின் உளவுத்துறை மீது மக்களுக்கு இருந்த சந்தேகம் இன்றுவரை நீங்கவில்லை. அவருடைய கல்லறை தெஹ்ரானின் தெற்கே, ரேய் நகரில், இப்னு பாபவை மயானத்தில் இருக்கிறது. நினைவு நாளில் அங்கே போனேன். மல்யுத்தம் பழகியவர்களுக்கே உரிய மடங்கிய காதுகளோடு கிழவர்கள் பலர் வந்திருந்தார்கள். சிலர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள்.

2017 நவம்பரில் கெர்மான்ஷா பகுதியில் நிலநடுக்கம். 600க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அப்போது பள்ளியின் காவலாளி தன் சம்பளத்தில் ஒரு பகுதியை அனுப்பியது அரசாங்கக் கணக்குக்கு அல்ல, கால்பந்து வீரர் அலி தாயியின் கணக்குக்கு. சர்வதேசப் போட்டிகளில் 100 கோல்களைத் தாண்டிய முதல் ஆண் வீரர் தாயி. ரொனால்டோ 2021இல்தான் அவருடைய சாதனையைக் கடந்தார். ஏன் இவருக்கு அனுப்புகிறாய் என்று கேட்டேன். "தக்தி இருந்திருந்தால் அவருக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். மல்யுத்தக்காரர்கள் சம்பாதித்து வைத்த நம்பிக்கையை அந்த மக்கள் கால்பந்து வீரர்களிடமும் எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து

நான் கடல் தொழில் செய்கிறவன். எங்கள் கடற்கரை ஊர்களில் நடக்கத் தொடங்கும் பிள்ளைக்குக் கையில் பந்தைக் கொடுப்போம். ஈரானில் பந்தர் சாரக் துறையில் விசைப்படகில் வேலைக்குப் போனபோது, மொழி தெரியாத ஊரில் முதலில் பேசியது எங்கள் கால்கள்தான்.

வெயில் தாழ்ந்ததும் மணலில் ஆட்டம் தொடங்கும். கோல் கூச்சிக் என்பார்கள். இரண்டு பக்கமும் சின்னஞ்சிறு கோல் கம்பம், ஆளுக்கு வெறுங்கால். பந்து பிளாஸ்டிக்தான். ஆனால் அப்படியே ஆடினால் காற்றில் பறந்துவிடும். அதனால் ஒரு பந்தைக் கீறி இன்னொரு பந்தின் மேல் தோலாகப் போர்த்துகிறார்கள். இரட்டைத் தோல் சேர்ந்ததும் கனம் வந்துவிடுகிறது, சொன்ன பக்கம் போகிறது. ஈரான் முழுக்கத் தெருப்பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்களாம். காசு செலவில்லாத இந்தக் கைவேலையை ஊருக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

பையன்களில் பாதிப் பேர் சிவப்புச் சட்டை, பாதிப் பேர் நீலச் சட்டை. சிவப்பு பெர்செபொலிஸ், நீலம் எஸ்தெக்லால். இரண்டும் தெஹ்ரான் அணிகள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தத் துறைமுகத்திலும் வீட்டுக்குள் அண்ணன் தம்பி பிரிந்து நிற்கிறார்கள். எங்கள் படகின் மெக்கானிக் ஆபாதான்காரர். அவர் இரண்டையும் மதிக்க மாட்டார். மஞ்சள் சட்டைதான் போடுவார். எண்ணெய் ஆலைகளில் வேலை செய்ய வந்த ஆங்கிலேயர்களிடமிருந்து கால்பந்தைப் பிடித்துக்கொண்ட ஊர் ஆபாதான், அங்கே சனத் நஃப்த் அணி பிரேசிலைப் போல மஞ்சள் உடுத்தும். தன் ஊரைப் பிரேசில் என்றே பெருமை பேசுவார்.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது சம்பளமும் இல்லாமல் கரையில் சிக்கிக்கொண்டோம். படகு முதலாளியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மாலையில் எங்களோடு ஆடிய குடும்பங்கள் ரொட்டியும் பேரீச்சையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜூலை மாதம் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தோம்.

தோஹாவிலிருந்து

எல்லோரும் ஆண்கள் எழுதுகிறீர்கள். இந்த இழையில் அதைக் கவனித்ததால்தான் எழுதுகிறேன்.

நான் செவிலியர். என்னோடு வேலை செய்யும் தோழி ஷிராஸ்காரி. அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் கால்பந்துப் பைத்தியங்கள். அவள் அவர்களை விடப் பெரிய பைத்தியம். ஆனால் 1979 புரட்சிக்குப் பின்னால் சில ஆண்டுகளிலேயே பெண்கள் கால்பந்து அரங்குக்குள் நுழைய முடியாமல் போய்விட்டது. அண்ணன்கள் அரங்குக்குப் போவார்கள், இவள் வீட்டில் வானொலி கேட்பாள். ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஆண் வேடத்தில் உள்ளே போன பெண்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவள் குரலில் பெருமை தெரியும். சஹர் கொதாயாரியைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் குரல் உடைந்துவிடும். எஸ்தெக்லால் ரசிகையான அந்தப் பெண் ஆண் வேடத்தில் அரங்குக்குள் போக முயன்று பிடிபட்டு, சிறைத் தண்டனை வரும் என்று அஞ்சி நீதிமன்ற வாசலில் தீக்குளித்தாள். 2019 செப்டம்பரில் இறந்தாள். அணியின் நிறத்தால் அவளை நீலப் பெண் என்று அழைக்கிறார்கள். அடுத்த மாதம், உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் நெருக்குதலால், தெஹ்ரானின் ஆஸாதி அரங்கில் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பெண்களுக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார்கள். ஈரான் 14-0 என்று வென்றது. அந்தப் பெண்கள் தொண்ணூறு நிமிடமும் உட்காரவே இல்லை.

2022 நவம்பர் 25 அன்று வேல்ஸுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்துக்கு அவளோடு அஹ்மத் பின் அலி அரங்குக்குப் போனேன். தலைமுக்காடு விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்ட மஹ்ஸா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்து ஈரானே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். இந்த அணியை ஆதரிக்கலாமா என்று அவளுக்குள் பெரிய போராட்டம். முதல் ஆட்டத்தில் வீரர்கள் தேசிய கீதத்தைப் பாடவில்லை, அன்று பாடினார்கள். எங்களைச் சுற்றிலும் கூச்சலும் அழுகையும். "பெண், வாழ்வு, விடுதலை" என்று எழுதிய சட்டைகளை வாசலிலேயே பிடுங்கினார்கள். எதிர்ப்பைக் காட்டியவர்களை இன்னொரு கூட்டம் மிரட்டியது. தோழி முதல் பாதி முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் 8ஆம் நிமிடத்தில் ஈரான் வீரர் செஷ்மி தூரத்திலிருந்து அடித்தார். பந்து உள்ளே போனது. அவள் துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று நிமிடம் கழித்து ரெஸாயியான் இரண்டாவது கோலைப் போட்டபோது அழுதுகொண்டே சிரித்தாள். சொந்த நாட்டில் மறுக்கப்பட்ட இருக்கை அவளுக்கு வேற்று நாட்டில் கிடைத்திருந்தது. அதன் கோபம் தனக்குள் ஆறாது என்று வீடு திரும்பும் வழியில் சொன்னாள். அலி தாயி அந்த உலகக் கோப்பைக்கு வந்த அழைப்பை மறுத்துவிட்டார் என்பதில் மட்டும் அவளுக்கு அன்று முழு நிம்மதி. மதுரை ஐயா எழுதியதைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

கோவை அண்ணாவிடம் ஒரு கேள்வி. அந்த யஸ்த் கூடத்தில் பெண்கள் இருந்தார்களா?

தஞ்சை மாவட்டத்திலிருந்து

அக்கா எழுதியதற்குப் பிறகு கபடியைப் பற்றி எழுதத் தயங்கினேன். ஆனாலும் பெண்கள் வென்ற கதை இதில் இருக்கிறது.

பள்ளியில் கபடிப் பயிற்சி கொடுக்கிறேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரான் ஆண்கள் நம்மை அரையிறுதியில் 27-18 என்று வீழ்த்தினார்கள். அதுவரை நாம் விட்டுக்கொடுக்காத தங்கம் அது. மறுநாள் பெண்கள் இறுதியில் ஈரான் 27-24. அந்தப் பெண்களைத் தயார்செய்தவர் நாசிக்கைச் சேர்ந்த பயிற்சியாளர் ஷைலஜா ஜெயின். தோற்ற வலியிலும் எனக்கு அது பிடித்திருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் ப்ரோ கபடி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடங்கியது. என் மாணவர்களை அழைத்துப் போனேன். யு மும்பா அணியின் தலைவராக ஈரான் வீரர் ஃபஸல் அத்ராச்சலி இடது மூலையில் நின்றார். ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும் அந்த அரை நொடிக்காகக் காத்திருந்து கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். பிடித்தபின் இழுப்பதில்லை, தன் உடம்பை முழுவதும் அந்தக் காலின் மேல் கிடத்திவிடுகிறார். மல்யுத்தம் ஊறிய நாட்டின் பிடி அது என்று மாணவர்களுக்குச் சொன்னேன். ஸூ என்ற பெயரில் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு ஓடும் ஆட்டம் அங்கேயும் பிள்ளைகளிடம் இருக்கிறது. கிட்டிப்புள்ளும் ஏழு கல்லும்கூட உண்டு.

என்னைக் கவர்ந்தது இன்னொன்று. பிடிபட்ட ரெய்டரை ஃபஸல் கைகொடுத்து எழுப்பிவிட்டார். மறுநாளிலிருந்து எங்கள் பள்ளியில் அது கட்டாயம்.

கோயம்புத்தூரிலிருந்து

தோஹா தங்கைக்குப் பதில்: மேலே வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் பெண்கள் இருந்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவரையும் பார்க்கவில்லை. ஃபிட்டரின் மகள் நல்ல மில் வீச்சுக்காரி, வீட்டு முற்றத்தில் அப்பாவிடமே கற்றுக்கொண்டவள். அவளுக்கு அந்தக் குழியில் இறங்க வழி இல்லை. இதை அவரிடம் கேட்டபோது அவர் மறுத்துப் பேசவில்லை, நியாயம் என்று தலையசைத்தார். அறம் பேசும் கூடம் தன் பெண்பிள்ளைகளை வெளியே நிறுத்துவது அநீதிதான். உங்கள் தோழியின் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

யஸ்த் போகிறவர்களுக்கு: மாலைப் பயிற்சிக்குப் போங்கள், சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உட்கார வைப்பார்கள். அழைக்காமல் குழியில் இறங்காதீர்கள். முர்ஷித் மணியை அடித்து ஒருவரை வரவேற்றால் அவர் மூத்தவர் என்று அர்த்தம். எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

இஸ்ஃபஹானுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். குதிரைமேல் ஆடும் சௌகானுக்காக சஃபவி மன்னர் காலத்தில் நட்ட கல் கோல் கம்பங்கள் நக்ஷ்-இ ஜஹான் சதுக்கத்தில் இன்னும் நிற்கின்றன. சௌகானை நேரில் பார்த்தவர் நம்மில் உண்டா? அதேபோல் குராசான் பக்கம் நவ்ரூஸ் காலத்தில் நடக்கும் சூக்கே மல்யுத்தத்தைப் பார்த்தவர்களும் எழுத வேண்டும்.