உபுண்டு 24.04-க்கு மாறும்போது மின்சாரம் போனது. இப்போது கணினி துவங்கவில்லை

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை டிடிபி கடைக்காரர்

வணக்கம். எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், திருமணப் பத்திரிகை, துண்டறிக்கை, பில் புத்தகம் ஆகியவற்றை வடிவமைத்துத் தரும் சிறு டிடிபி கடை நடத்துகிறேன். கடையில் இருப்பது ஒரே கணினி. அதில் உபுண்டு 22.04 இயங்குதளம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை வேலை குறைவாக இருந்ததால், 24.04-க்கு மேம்படுத்தத் தொடங்கினேன். தரவிறக்கம் முடிந்து, தொகுப்புகளை நிறுவும் வேலை பாதியைத் தாண்டியிருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி பழையது. ஐந்து நிமிடம் கத்திவிட்டு அதுவும் அடங்கிவிட்டது.

மின்சாரம் வந்தபின் கணினியைப் போட்டால் நிறுவன முத்திரை தெரிகிறது. பிறகு திரை முழுக்க எழுத்துகள் ஓடி, கடைசியில் ‘கெர்னல் பேனிக் – நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். ஹார்டு டிஸ்க் போயிருக்கும், ஃபார்மேட் செய்துதான் ஆகவேண்டும் என்கிறார். வாடிக்கையாளர்களின் கோப்புகள் எல்லாம் அதில்தான் உள்ளன; நான் கடைசியாகப் படியெடுத்து வைத்து நான்கு மாதம் ஆகிறது. ஃபார்மேட் செய்யாமல் மீட்க வழி உண்டா?

பதில்: ராயபுரத்திலிருந்து

நம் பக்கத்துக் கடல் காற்றில் ரேமின் முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் அதன் பொன்னிற முனைகளை மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டிப் பாருங்கள். என்னிடம் வரும் பத்துக் கணினிகளில் பாதி இதிலேயே சரியாகிவிடுகின்றன.

பதில்: பெரம்பூரிலிருந்து

ராயபுரத்து நண்பர் சொல்வது, திரையே வராமல் பீப் ஒலி மட்டும் எழும் கணினிக்கு மிகவும் சரி. இங்கே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் ஏறி, ஓடி, தன் குறையைத் தானே எழுதிவிட்டுத்தான் நின்றிருக்கிறது. ஆகவே முதலில் அந்த வரியைப் பார்ப்போம்.

ஹார்டு டிஸ்க்கைப் படிக்கத் தேவையான இயக்கிகளில் பல, உபுண்டுவில் கெர்னலுக்குள் சேர்க்கப்படாமல் தனி மாட்யூல்களாக இருக்கின்றன. அந்த மாட்யூல்கள் இருப்பதும் அதே ஹார்டு டிஸ்க்கில்தான். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதைப் போன்ற நிலை இது. இதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பில் அவசியமான மாட்யூல்களைக் கட்டி, கெர்னலோடு சேர்த்துத் துவக்க நிரலான கிரப்பே நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. உங்களுக்குப் புதிய 6.8 கெர்னல் கிரப் பட்டியலில் ஏறிவிட்டது, ஆனால் அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும் முன்பே மின்சாரம் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த டிஸ்க்கும் கண்ணில் படாததால்தான் அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழியங்கள் வருகின்றன. இதை வைத்து டிஸ்க் போய்விட்டது என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

பழைய 5.15 கெர்னல் இன்னும் அங்கே இருக்க வேண்டும். கணினியைப் போட்டு, முத்திரை மறையும் தறுவாயில் எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியாக இருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருங்கள். வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போய், 5.15 என்று தொடங்கும் வரிகளில் ‘ரெக்கவரி மோட்’ உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், சிறிது நேரத்தில் ஒரு மெனு தோன்றும். அதில் ‘ரூட்’ என்பதைத் தேர்ந்து கட்டளை வரிக்குள் சென்று, ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ என்றும், அடுத்து ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்றும் கொடுங்கள். முதலாவது டிஸ்க்கில் எழுத அனுமதி தரும். இரண்டாவது பாதியில் நின்ற நிறுவலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பதில்: எண்ணூரிலிருந்து

பெரம்பூர் நண்பர் சொன்ன வழி சரியானதே. ஆனாலும் கோப்புகளைப் படியெடுக்காமல் ஒரு கட்டளையும் தட்டாதீர்கள். வேறொரு கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் துவக்குங்கள். ‘டிரை உபுண்டு’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள், ‘இன்ஸ்டால்’ பக்கம் போகவே வேண்டாம். கோப்பு மேலாளரில் உங்கள் டிஸ்க் தெரியும்; ‘ஹோம்’ அடைவை முழுதாக வெளி டிஸ்க் ஒன்றுக்குப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் ஸ்மார்ட் தகவலையும் பார்த்துவிட்டால், டிஸ்க்கின் உடல்நிலை பற்றிய சந்தேகமும் தீரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஹோம் அடைவு முழுவதும் பத்திரமாக வந்துவிட்டது. ஸ்மார்ட் தகவலிலும் குறை எதுவும் காட்டவில்லை. பிறகு 5.15 ரெக்கவரி வழியாகப் போய் டிபிகேஜி கட்டளையைக் கொடுத்தேன். இருபது நிமிடம் வேகமாக ஓடியது, 6.8-க்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும் இடத்தில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று நின்றுவிட்டது. டிஸ்க்கில் நூறு ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறதே, இடம் இல்லை என்றால் என்ன பொருள்?

பதில்: பெரம்பூரிலிருந்து

‘டிஎஃப் -எச்’ கொடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பகிர்விலும் எவ்வளவு இடம் காலி என்று காட்டும். நிறுவும்போது, கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் ‘/பூட்’ என்பதற்குத் தனிப் பகிர்வு ஒதுக்கியிருப்பீர்கள். நிரம்பியிருப்பது அதுவாகத்தான் இருக்கும். மேம்படுத்தும் நிரல் தொடக்கத்திலேயே அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். அந்தச் சோதனையைத் தாண்டியும் இடம் போதவில்லை என்றால், மின்சாரம் போன நொடியில் பாதி எழுதப்பட்டு, ‘.நியூ’ என்ற முடிவோடு ஒரு கோப்பு அங்கே கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அதைத் தயங்காமல் நீக்கலாம்.

அதுவும் போதாவிட்டால், ‘யுநேம் -ஆர்’ கொடுத்து இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தவிர்த்து, இருப்பதிலேயே பழைய 5.15-இன் ‘இனிட்ஆர்டி’ கோப்பு (அதன் இனிட்ராம்எஃப்எஸ்தான் இது) ஒன்றை மட்டும் ‘எம்வி’ கட்டளையால் ‘/ரூட்’ அடைவுக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: ஓடும் கெர்னலுடையதைத் தவறுதலாக அழித்துவிட்டால், திரும்பிப் போகவும் வழி இருக்காது. வழக்கமாகப் பழைய கெர்னலைத் தொகுப்பு மேலாளரான ஏபிடி மூலம் நீக்குவதுதான் முறை. ஆனால் தொகுப்புகள் பாதி நிலையில் நிற்கும்போது ஏபிடி எதற்கும் ஒப்புக்கொள்ளாது.

நகர்த்தியபின் டிபிகேஜி கட்டளையை மீண்டும் ஒருமுறை ஓட்டி, அதன்பின் ‘ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ ஆகிய இரண்டையும் கொடுத்து மறுதுவக்கம் செய்யுங்கள். 6.8-இல் நல்லபடியாகத் துவங்கியபின் ‘ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ கொடுத்தால், தேவையற்ற பழைய கெர்னல்கள் முறைப்படி வெளியேறிவிடும்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே ‘.நியூ’ கோப்பு ஒன்று கிடந்தது. ‘/பூட்’ பகிர்வு 512 எம்பிதான்; நிறுவிய நாளில் அதுவே தாராளம் என்று நினைத்து நானே ஒதுக்கியது. அதற்குள் மூன்று 5.15 கெர்னல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கோப்பை நீக்கி, ஒரு பழைய கோப்பை நகர்த்தியதும் டிபிகேஜி தடையின்றி முடிந்தது. கணினி இப்போது 24.04-இல் துவங்குகிறது. மேம்படுத்தலின்போது வெளிக் களஞ்சியங்கள் (உபுண்டுவுடையது அல்லாத மென்பொருள் மூலங்கள்) முடக்கப்பட்டிருந்ததால் ஒன்றிரண்டு மென்பொருள்களின் களஞ்சியங்களை மட்டும் மறுபடி இயக்க வேண்டியிருந்தது.

ராயபுரத்து நண்பருக்கும் ஒரு செய்தி: பெட்டியைத் திறந்து பார்த்தேன், ரேம் முனைகளில் உண்மையிலேயே பச்சை பூத்திருந்தது. தேய்த்து மாட்டிவிட்டேன்.

இன்று காலை மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை போய், ரிச்சி தெருவில் யுபிஎஸ்ஸுக்குப் புதிய 12 வோல்ட் பேட்டரி வாங்கி வந்து மாட்டியிருக்கிறேன். நின்றுபோயிருந்த இரண்டு பத்திரிகைகளும் மதியமே அச்சுக்குப் போய்விட்டன.