எல்எஸ்டி 325: நார்மண்டிக்குப் பிறகு அந்தக் கப்பல் என்ன செய்தது?

கேள்வி (நெய்தல்):

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் எவான்ஸ்வில் நகரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் எல்எஸ்டி 325 என்ற டாங்கித் தரையிறக்கு கப்பலைப் பற்றிப் படித்து வருகிறேன். கிடைக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கரையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. 1943-இல் பணியில் சேர்ந்த கப்பல் 2001-இல் தன் சொந்த எஞ்சினில் அட்லாண்டிக்கைக் கடந்து தாயகம் திரும்பியது என்றால், இடைப்பட்ட காலத்தில் அது யாருக்காக ஓடியது? அதே வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டு, பெரும்பாலானவை காணாமற்போன பிறகும் இது தப்பியது எப்படி?

பதில் (கலங்கரை):

போர்க்காலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிற்காலத்தை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

1943 பிப்ரவரி 1 அன்று பணியில் சேர்ந்த இக்கப்பல், அதே ஆண்டு ஜூலையில் சிசிலியின் ஜெலாவிலும் செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோவிலும் தரையிறக்கங்களில் பங்கேற்ற பிறகே நார்மண்டிக்கு வந்தது. அங்கும் முதல் அலையில் அது இல்லை. பின்தொடர்ந்த படையுடன் ஜூன் 7-இல் ஓமாஹா கரையை அடைந்தது.

இவ்வகைக் கப்பல் வேலை செய்யும் விதத்தை அறிந்தால்தான் அதன் பணியின் கடுமை புரியும். ஆழ்கடலில் பாலஸ்ட் தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொண்டு தாழ மிதக்கும். கரையை நெருங்கும்போது அந்நீரை வெளியேற்றி, முன்பகுதி நான்கடிக்கும் குறைவான நீரில் மிதக்கும் அளவுக்கு உயர்ந்துவிடும். மணலில் முட்டுவதற்கு முன்பே பின்புற நங்கூரத்தைக் கடலில் போட்டு, அதன் வடத்தை விட்டுக்கொண்டே முன்னேறும். முகப்புக் கதவுகள் திறந்து, சாய்தளம் இறங்கி, டாங்கிகளும் லாரிகளும் வெளியேறிய பின், வின்ச் அந்த வடத்தைச் சுருட்ட, கப்பல் தன்னைத்தானே பின்னோக்கி இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும். நார்மண்டியில் ஓதம் வற்றியபோது பல எல்எஸ்டிகள் ஈரமணலில் அப்படியே நின்று சுமையை இறக்கிவிட்டு, அடுத்த ஓதத்துக்காகக் காத்திருந்தன. அந்த நேரத்தில் அவை நகரவே முடியாத இலக்குகள்.

1945 ஏப்ரல் வரை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 325 நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களை மேற்கொண்டது. 1944 டிசம்பர் 28 அன்று 'எம்பயர் ஜாவலின்' என்ற துருப்புக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது, அதிலிருந்து ஏறத்தாழ 700 பேரைக் காப்பாற்றியதும் இந்தக் கப்பல்தான். என்னைக் கேட்டால், அதன் போர்க்காலப் பணியில் முதலிடம் பெறவேண்டிய நாள் அதுவே.

பதில் (பாய்மரம்):

கலங்கரை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 1946 ஜூலையில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட கப்பல், 1951-இல் மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஆர்க்டிக் பகுதியில் ரேடார் நிலையங்கள் அமைக்கும் பணிக்குத் தளவாடங்களைச் சுமந்தது. துறைமுகமே இல்லாத கரையில் கனரகப் பொருள்களை இறக்க இதைவிடப் பொருத்தமான கப்பல் அன்று இல்லை.

1964-இல் அது கிரேக்கக் கடற்படைக்கு மாற்றப்பட்டு, 'சைரோஸ்' என்ற பெயரையும் எல் 144 என்ற எண்ணையும் பெற்று, 1999 வரை உழைத்தது. அதாவது அமெரிக்கக் கொடியின்கீழ் போரில் கழித்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. கிரேக்கக் கொடியின்கீழ் 35 ஆண்டுகள். நெய்தல் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. தாயகத்தில் இதன் உடன்பிறப்புகள் பழைய இரும்பாக விற்கப்பட்ட காலத்தில், கிரேக்க மாலுமிகள் இதை அன்றாடம் ஓட்டி, பழுதுபார்த்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். அருங்காட்சியகக் கட்டுரைகள் இந்த 35 ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எஞ்சினும் கைகொடுத்தது. இதிலுள்ள இரண்டு ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சின்களும் ரயில் எஞ்சின்களில் பரவலாகப் பயன்பட்ட 567 வரிசையைச் சேர்ந்தவை என்பதால், போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. 2000-ஆம் ஆண்டில், பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் கடற்படையினர் கிரீட் தீவுக்குச் சென்று, கப்பலைத் தாங்களே செப்பனிட்டு, ஜிப்ரால்டர் வழியாக ஓட்டிவந்து, 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

பதில் (உப்பங்கழி):

ஒரு சிறு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பலரும் இதில் குழம்புகிறார்கள். 325 எவான்ஸ்வில்லில் கட்டப்பட்டதன்று. பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டது. ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள எவான்ஸ்வில் கட்டுந்தளம் போர்க்காலத்தில் 167 எல்எஸ்டிகளைக் கட்டி, ஆற்றுவழியாகவே கடலுக்கு அனுப்பியது. அந்த உறவின் காரணமாகவே 2005 முதல் அந்நகரம் இதன் தாய்த்துறைமுகமாக இருக்கிறது.