புதுப்பிப்பு: அம்மாவின் சிறுகுடல் சுருக்கம்

மூட்டுவலிக்கு அம்மா வருடக்கணக்கில் டைக்ளோஃபினாக் போட்டவர், சாப்பிட்டதும் வயிறு உப்பி வாந்தி, ரத்தசோகை வேறு, சிடி ஸ்கேனிலோ ஒன்றுமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் அந்த மாத்திரையேதான். பலூன் என்டோஸ்கோப்பியில் (பலூன் பொருத்திய குழாய்க் கேமராவைச் சிறுகுடலுக்குள் செலுத்துவது) பார்த்தால் சிறுகுடலுக்குள் மெல்லிய சவ்வு வளையங்கள். நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை. மெல்லியதாக இருப்பதால் ஸ்கேனில் தப்பிவிடுமாம். விழுங்கும் கேப்சூல் கேமரா வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னதும் இதனால்தான், வளையத்தில் சிக்கிக்கொள்ளும். திசுப் பரிசோதனையில் காசநோயும் இல்லை, கிரோன் நோயும் (நாள்பட்ட குடல் அழற்சி) இல்லை.

சரி, சிகிச்சை? சுருங்கிய இடங்களைப் பலூனாலேயே விரித்துவிட்டார்கள். டைக்ளோஃபினாக் அடியோடு நிறுத்தம், வலிக்குப் பாராசிட்டமால். டைக்ளோஃபினாக்கோடு கூடவே போட்ட அமிலம் குறைக்கும் மாத்திரை பான்டோபிரசோல் இரைப்பையைத்தான் காக்கும், சிறுகுடலை அல்ல. இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை! இப்போது தோசை இறங்குகிறது. மறுபடி சுருங்கினால் திரும்ப விரிப்பார்கள், முடியாவிட்டால் அறுவைசிகிச்சை.